படிச்சா புரியுது, பேசினா வரல: இங்கிலீஷ் பேச்சும் தன்மதிப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுப்பவர்களிடம் இலக்கணச் சந்தேகத்தைவிட இந்த மாதிரிக் கேள்விகள்தான் அதிகம் வரும். அதுவும் வகுப்பு நடக்கும்போது வராது. எல்லாரும் கிளம்பிய பிறகு ஒருவர் மட்டும் பையைச் சரிசெய்வதுபோல நின்று, "சார், ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிப்பார். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் இங்கிலீஷ் பற்றியது. ஜெர்மனிக்குப் போகத் தயாராகும் நர்ஸ்களும் இதையே கேட்பதால் ஜெர்மனும் நடுவில் வரும்.

எல்லாம் புரியுது, எழுதவும் வருது. வாயைத் திறந்தா மட்டும் ஏன் நின்னுபோகுது?

எழுதும்போது நேரம் உங்கள் கையில் இருக்கிறது. பேசும்போது அது எதிரில் இருப்பவர் கைக்குப் போய்விடுகிறது. சொல்லைத் தேட வேண்டும், வரிசையாக அடுக்க வேண்டும், வினைச்சொல்லின் காலத்தைப் பார்க்க வேண்டும், வாயால் சொல்லவும் வேண்டும். எல்லாம் ஓரிரு நொடிக்குள். இந்த வேலைக்கு மூளை ஒதுக்கும் தற்காலிக நினைவிடம் ரொம்பச் சின்னது. "தப்பாச் சொல்லிட்டோமோ", "சிரிக்கிறாங்களோ" என்ற கவலையும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும்.

ஒரு மாணவி முந்தின நாள் எங்கே போனாள் என்று சொல்ல வந்தாள். "யெஸ்டர்டே ஐ கோ..." என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தி "வென்ட்" என்றாள். அதோடு விட்டிருந்தால் வாக்கியம் ஓடியிருக்கும். ஆனால் "சாரி, சாரி" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து வந்தாள். "யெஸ்டர்டே ஐ வென்ட் டு மை சிஸ்டர்..." அங்கே "சிஸ்டரா, சிஸ்டர்ஸா" என்று ஒரு சந்தேகம். இன்னொரு சாரி. மூன்றாவது முறை ஆரம்பித்தபோது என்ன சொல்ல வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அவளுக்கு "வென்ட்" தெரியாதா? கண் இமைக்கும் நேரத்தில் தானே திருத்திக்கொண்டாளே. அவளைத் தடுத்தது அந்த "சாரி"கள்தான்.

இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு. பள்ளியில் 12 வருடம் இங்கிலீஷ் படித்தோம் என்கிறோம். அதில் நீங்கள் வாய் திறந்து, சொந்தமாக ஒரு விஷயத்தைச் சொன்ன நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். பாடத்தை உரக்கப் படித்தது கணக்கில் சேராது. எஸ்ஸே மனப்பாடம் செய்து ஒப்பித்ததும் சேராது. மிஞ்சுவது சொற்பம். செய்யாத வேலை வரவில்லை என்பதற்கு மனசைக் குறைசொல்லிப் பயனில்லை.

அப்போ எனக்குத் தன்மதிப்பு குறைச்சல்னு சொல்லலாமா? அதை முதல்ல சரிபண்ணணுமா?

இந்த வரிசையில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். "முதல்ல கான்ஃபிடன்ஸ் வரட்டும், அப்புறம் பேசறேன்" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுபவர்களை நிறையப் பார்க்கலாம்.

தன்மதிப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் அடுக்குகள் உண்டு. "நான் மொத்தத்தில் மதிப்பான ஆள்" என்ற எண்ணம் ஒன்று. "மொழி விஷயத்தில் நான் பரவாயில்லை" என்பது அடுத்தது. "இந்த வேலையை, அதாவது ஆட்டோ டிரைவருக்கு வழி சொல்வதையோ டாக்டரிடம் வலியைச் சொல்வதையோ, என்னால் முடிக்க முடியும்" என்பது மூன்றாவது. அமெரிக்கக் கல்லூரியில் பிரெஞ்சு படித்த மாணவர்களிடம் அடிலெய்ட் ஹைடி 1979-இல் இந்த மூன்றையும் அளந்து, அவர்கள் பேச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்றுக்கும் பேச்சுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் அதிகம் ஒட்டிவந்தது மூன்றாவது, அந்தக் குறிப்பிட்ட வேலையைப் பற்றிய நம்பிக்கை.

சரி, எது எதை உண்டாக்குகிறது? தன்மதிப்பு கூடினால் எல்லாம் சரியாகும் என்று அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிய அலையே அடித்தது. கலிபோர்னியா மாநிலம் 1986-இல் இதற்கென்று அரசுக் குழுவே அமைத்தது. பிறகு ராய் பாமைஸ்டரும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி 2003-இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். தன்மதிப்பை ஏற்றிவிட்டால் படிப்பு உயரும் என்பதற்கு ஆதாரம் தேறவில்லை. நன்றாகச் செய்ததால் மதிப்பு உயர்கிறது என்ற எதிர்த்திசைக்கே பலம் இருந்தது.

அதனால் நான் சொல்வது இதுதான். உங்களைப் பற்றிய ஒட்டுமொத்தத் தீர்ப்பைத் தொட வேண்டாம். அது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். ஒரு சின்னப் பேச்சு வேலையை எடுத்து, அதை முடித்துக் காட்டுங்கள்.

இதையெல்லாம் அளக்க முடியுமா?

அளக்கிறார்கள். பொதுவான தன்மதிப்புக்கு மாரிஸ் ரோசன்பர்க் 1965-இல் தந்த 10 வாக்கிய அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மொழி வகுப்பில் வரும் பயத்துக்கு எலெய்ன் ஹார்விட்ஸும் இரண்டு சக ஆய்வாளர்களும் 1986-இல் தனியாக ஒன்றைச் செய்தார்கள். அதில் 33 வாக்கியங்கள். இன்டர்நெட்டில் தேடி நிரப்பிப் பார்ப்பதில் தவறில்லை. வந்த மதிப்பெண்ணை ஜாதகம் மாதிரி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், அவ்வளவுதான்.

ஜெர்மன் வகுப்புல தைரியமா உளறறேன். 12 வருஷம் படிச்ச இங்கிலீஷ்ல வாயே திறக்க மாட்டேங்குது. இது என்ன விசித்திரம்?

விசித்திரமே இல்லை. எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் கேட்கும்போதே பாதிப் பதில் வந்துவிடுகிறது.

ஜெர்மன் ஏ1, அதாவது முதல் நிலை வகுப்பில் எல்லாரும் ஒரே நாளில் தொடங்குகிறார்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அதன் பாலைக் காட்டும் சொல் ஒன்று சேர வேண்டும்: மேஜைக்கு டெர் வரும், கதவுக்கு டீ, ஜன்னலுக்கு தாஸ். ஏன் என்று கேட்டால் அது அப்படித்தான். எல்லாரும் தப்பாகச் சொல்வார்கள், எல்லாரும் சிரிப்பார்கள், டீச்சர் சரியாகச் சொல்வார், அடுத்ததுக்குப் போவார்கள். உங்களுக்கு ஜெர்மன் தெரியாததை வைத்து உங்கள் குடும்பத்தையோ பள்ளியையோ யாரும் எடைபோடுவதில்லை.

இந்திக்கும் இதே கதை. துபாய்க்கு வேலைக்குப் போன நம் ஊர்க்காரர் கேம்ப்பில் மற்றவர்களோடு பேசிப் பேசி இந்தி கற்றுக்கொள்கிறார். ஆண்பால் பெண்பால் எல்லாம் தாறுமாறாக இருக்கும். காய்கறிக் கடையில் பேரம் பேசி, சூப்பர்வைசரிடம் சண்டையும் போட்டு வருவார். அவரிடம் போய் "உங்களுக்கு இந்தியில் தன்மதிப்பு எப்படி" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மாதிரிப் பார்ப்பார். அதே ஆளை இங்கிலீஷில் ஒரு ஃபார்ம் பற்றி விசாரிக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரைத் தள்ளிவிடுவார்.

இங்கிலீஷ் நம்மிடம் வெறும் மொழியாக வரவில்லை. ஒருவரைத் தரம்பிரிக்கும் கருவியாக வந்தது. "தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?" என்ற கேள்வி ஸ்கூலோடு முடிவதில்லை. கல்லூரி ஹாஸ்டலில் கேட்கிறார்கள், இன்டர்வியூவில் கேட்கிறார்கள், பெண் பார்க்கப் போகும் இடத்திலும் சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள். கிராமத்துப் பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவன் இன்ஜினியரிங் முதல் வருடத்தில் பின் பெஞ்சுக்குப் போகிறான். அவன் கணக்கு அறிவு குறைந்துவிடவில்லை. சந்தேகத்தை எழுந்து கேட்கும் மொழி மாறிவிட்டது. மூன்று மாதம் கேட்காமல் இருந்தால் பாடமும் நிஜமாகவே பிடிபடாமல் போகிறது. பிறகு அவனே தன்னைப் பற்றி "நான் மக்கு" என்ற முடிவுக்கு வருகிறான். பலர் சுமந்துகொண்டு வரும் "தன்மதிப்புக் குறைவு" இப்படி உருவானது. இதில் அவர்களுடைய பங்கு ரொம்பக் கம்மி.

"12 வருஷம் படிச்சும் வரலையே" என்பது கூடுதல் பாரம். புதிதாகத் தொடங்குபவனுக்குத் தெரியாமல் இருக்க உரிமை உண்டு. 12 வருடம் படித்தவனுக்கு அது கிடையாது என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். பேச்சைப் பொறுத்தவரை நீங்கள் 12 வருடம் படித்தவர் அல்ல, இப்போதுதான் சேர்ந்தவர் என்று சொல்வேன். இது ஆறுதலுக்குச் சொல்வது இல்லை, மேலே போட்ட கணக்குதான்.

இங்கிலீஷ்ல பேசினா ஃப்ரெண்ட்ஸ் "பீட்டர் விடாதே"ங்கறாங்க. பேசலைன்னா இன்டர்வியூல வெளிய அனுப்பறாங்க. என்ன செய்ய?

இரண்டு பக்கமும் அடி. பேச முயன்றால் அலட்டல், பேசாவிட்டால் லாயக்கில்லை. இந்தக் கிண்டலைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. பழகும் காலத்தில்தான் தடுமாறும், தடுமாறும் காலத்தில்தான் கிண்டலும் வரும்.

அந்த ஃப்ரெண்ட்ஸைத் திருத்தப் பார்க்க வேண்டாம். அவர்களோடு தமிழில் பேசுங்கள், நல்லதுதானே. பயிற்சிக்கு வேறு ஆள் பாருங்கள். உங்கள் அளவிலேயே இருக்கும் ஒருவர், தினமும் ஒரே நேரம், போனில் பத்து நிமிடம். முகம் தெரியாமல் இருப்பது ஆரம்பத்தில் உதவும். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகவும் அனுப்பலாம். ஒரு நிபந்தனை: பதிவுசெய்ததை அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்யக்கூடாது. ஏழு தடவை அழித்து எட்டாவதாக அனுப்பினால், உங்களுக்குப் பழக்கமாவது அழிப்பதுதான்.

நான் நடுங்கறது எல்லாருக்கும் தெரியுமே?

நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தெரியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் செய்த சோதனை 2000-இல் வெளியானது. ஒரு மாணவருக்கு, போட்டுக்கொள்ளவே வெட்கப்படும் மாதிரி ஒரு பாடகர் படம் போட்ட டீ-ஷர்ட்டை மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். டீ-ஷர்ட் போட்டவர்கள், அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்றார்கள். நிஜத்தில் கால்வாசிப் பேர்தான் கவனித்திருந்தார்கள்.

இதைவிட நமக்கு உபயோகமானது 2003-இல் கென்னத் சாவிட்ஸ்கியோடு சேர்ந்து கிலோவிச் செய்தது. மேடைப் பேச்சுக்கு முன்னால் சிலரிடம் மட்டும் "உங்கள் பதற்றம் உங்களுக்குத் தெரியும் அளவு பார்ப்பவர்களுக்குத் தெரியாது" என்று விளக்கினார்கள். அதைக் கேட்டுவிட்டுப் பேசியவர்கள் நன்றாகப் பேசினார்கள், கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். அதாவது இந்தப் பத்தியைப் படித்ததே உங்களுக்கு ஓரளவு பயிற்சி.

குடிச்சா இங்கிலீஷ் தானா வரும்கறாங்களே?

சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். ஆனால் இதை ஆய்வே செய்திருக்கிறார்கள். அலெக்சாண்டர் கியோராவின் குழு 1972-இல் அமெரிக்கர்களைத் தாய்லாந்தின் தாய் மொழிச் சொற்களைத் திருப்பிச் சொல்லவைத்தது. கொஞ்சமாகக் குடித்தவர்களின் உச்சரிப்பு மேம்பட்டது. அளவு கூடியதும் அந்த லாபம் போய்விட்டது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் டச்சு கற்ற 50 ஜெர்மன்காரர்களை வைத்து 2017-இல் இன்னொரு ஆய்வு வந்தது. சிலருக்குச் சிறிதளவு மது, சிலருக்குத் தண்ணீர். யார் எதைக் குடித்தார் என்று தெரியாத டச்சுக்காரர்கள் மது குடித்தவர்களின் பேச்சுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள்.

நான் இதைச் சொல்வது வேறொரு காரணத்துக்காக. பேசியவர்களையும் தங்கள் பேச்சுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். அதில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. நன்றாகப் பேசியவர்களுக்கு, தாங்கள் நன்றாகப் பேசியது தெரியவில்லை. "இன்னைக்கு சொதப்பிட்டேன்" என்று நீங்கள் சொல்வதை நான் அப்படியே நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

டாஸ்மாக்குக்கு ஒரு சாக்கு கிடைத்தது என்று கிளம்ப வேண்டாம். இன்டர்வியூ காலை பத்து மணிக்கு.

டீச்சர் நடுவுல நிறுத்தித் திருத்தறது நல்லதா?

எப்போது, எப்படி என்பதைப் பொறுத்தது. கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த குழந்தைகளின் வகுப்புகளை ராய் லிஸ்டரும் லைலா ரன்டாவும் 1997-இல் ஆராய்ந்தார்கள். பெரும்பாலான ஆசிரியர்கள், மாணவர் சொன்னதைத் தாங்களே சரியாக மாற்றித் திருப்பிச் சொன்னார்கள். மென்மையான முறை, ஆனால் மாணவர்கள் பெரும்பாலான நேரம் அதைத் திருத்தமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மாணவரே சரியான வடிவத்தைச் சொல்லும்படி தூண்டிய முறைகளுக்கு அதிகப் பலன் இருந்தது.

என் வழக்கம்: பேசி முடிக்கும்வரை குறுக்கிடுவதில்லை. தப்புகளை எழுதிக்கொள்வேன். முடிந்ததும் முதலில் அவர் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்வேன், "உங்க அக்கா வீடு அவ்வளவு தூரமா?" என்பதுபோல. அதற்குப் பிறகு இரண்டே இரண்டு தப்பு, அதுவும் தானே சரிசெய்ய முடிகிறதா என்று கேட்டு. பத்துத் தப்பையும் அடுக்கினால் அடுத்த நாள் அவர் பின் பெஞ்சில் உட்காருவார். மற்ற மாணவர்கள் குறுக்கே திருத்துவதை மட்டும் முளையிலேயே நிறுத்திவிட வேண்டும். ஆசிரியர் திருத்தினால் பாடம். பக்கத்து பெஞ்ச் திருத்தினால் மானப் பிரச்சினை.

கண்ணாடி முன்னாடி நின்னு பேசினா சரியாகுமா?

கண்ணாடி கேள்வி கேட்காது, குறுக்கே பேசாது, "புரியலையே" என்று முகம் சுளிக்காது. உச்சரிப்புக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ எப்படித்தான் பழகறது?

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதிய கட்டுரையில், "என்னால் முடியும்" என்ற எண்ணம் நான்கு வழிகளில் பிறக்கிறது என்றார். தானே செய்து முடித்தது, தன்னைப்போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் ஊக்குவித்தது, தன் உடல் பதறுகிறதா அமைதியாக இருக்கிறதா என்பதை வைத்து எடுக்கும் முடிவு. இவற்றில் அதிகப் பலம் முதலாவதற்கு. "உன்னால முடியும்டா" என்று முதுகில் தட்டுவது அதற்கு ரொம்பப் பின்னால்தான் வருகிறது. மோட்டிவேஷன் வீடியோ பார்த்த உற்சாகம் மறுநாள் காலையில் காணாமல் போவதும் இதனால்தான்.

வகுப்பில் நான் அதிகம் நம்புவது மொழிக் கல்வி ஆய்வாளர் பால் நேஷன் பரப்பிய 4-3-2 என்ற பயிற்சி. ஒரு விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம் சொல்ல வேண்டும். அதையே இன்னொருவரிடம் 3 நிமிடத்தில். மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில். முதல் முறை திணறல் இருக்கும். மூன்றாம் முறை சொற்கள் ஏற்கெனவே வாயில் ஏறியிருக்கும், ஆள் மட்டும் புதுசு. நேரம் குறைவதால் "சாரி" சொல்ல இடமே கிடையாது. அரை மணி நேரத்துக்கு முன்னால் வராத பேச்சு இப்போது வருவதைத் தானே கேட்கிறார்கள். அந்த முகத்தில் வரும் மாற்றத்தை எந்தப் பாராட்டாலும் கொண்டுவர முடியாது.

வெளியில் என்றால், கஸ்டமர் கேருக்கு போன் போட்டு இங்கிலீஷைத் தேர்ந்தெடுங்கள். டேட்டா பேக் பற்றி விசாரியுங்கள். எதிர்முனையில் இருப்பவர் உங்களை மறுபடி பார்க்கப்போவதில்லை, பொறுமையாகக் கேட்பது அவர் வேலை. திணறினால் தமிழுக்கு மாறிக்கொள்ளலாம். உலகம் இடிந்துவிடாது.

என் தமிழ் ஆக்சென்ட் போகணுமா?

வேண்டாம். புரிந்தால் போதும். ப, ஃப வித்தியாசம், ச, ஸ வித்தியாசம், சொல்லில் எந்த அசையை அழுத்துவது, இவற்றைச் சரிசெய்தால் பெரும்பகுதி புரிந்துவிடும். ஆக்சென்டை மாற்றுகிறேன் என்று அமெரிக்கர் மாதிரி மூக்கால் பேசத் தொடங்கினால், மேலே சொன்ன பீட்டர் பட்டம் நியாயமாகவே கிடைக்கும்.

தன்னம்பிக்கை இருந்தா போதும், இலக்கணம் எல்லாம் வேண்டாம்னு ஒரு கோச்சிங் சென்டர்ல சொன்னாங்களே?

30 நாளில் சரளமாகப் பேசலாம் என்றும் சொல்லியிருப்பார்களே. சரக்கு வேண்டும் ஐயா. சொல் தெரியாதவருக்குத் தைரியம் மட்டும் கொடுத்தால் சத்தம்தான் வரும்.

ஸ்பீக்கிங் டெஸ்ட் அடுத்த மாசம். கடைசி நேரத்துல எதைப் பார்க்கணும்?

தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொள்வதே பாதிப் பயத்தைக் குறைக்கும். ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வில் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம். மூன்று பகுதி. நடுப்பகுதியில் ஒரு அட்டை தருவார்கள், 1 நிமிடம் யோசிக்கலாம், 2 நிமிடம் வரை பேச வேண்டும். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம மதிப்பு. இலக்கணம் கால் பங்குதான் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தப்பைத் திருத்துவதற்காக மூன்று தடவை பின்னால் போனால், அந்தக் கால் பங்கைக் காப்பாற்றப் போய்ச் சரளத்துக்கான கால் பங்கை இழக்கிறீர்கள். திருத்த வேண்டுமென்றால் சரியான சொல்லைச் சொல்லிவிட்டு அப்படியே முன்னால் போங்கள்.

ஜெர்மனுக்கான கோத்தே பி1 (இடைநிலை) பேச்சுத் தேர்வுக்குப் பெரும்பாலும் இருவராக உள்ளே போவீர்கள். சேர்ந்து ஒரு திட்டம் போட வேண்டும், ஒரு தலைப்பைப் பற்றிப் பேச வேண்டும், எதிராளி பேசியதைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும். தேர்வு நடத்துபவர் கவனிப்பது நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதைத்தான். ஆகவே "புரியவில்லை, மறுபடி சொல்கிறீர்களா" என்பதை ஜெர்மனில் தயக்கமில்லாமல் கேட்கப் பழகுங்கள். அதைக் கேட்பது தோல்வி அல்ல, பேச்சின் ஒரு பகுதி. அந்தப் பிரிவில் 100-க்கு 60 எடுத்தால் பாஸ். பாஸ் ஆகாவிட்டாலும் பேச்சுப் பிரிவை மட்டும் தனியாக மறுபடி எழுதலாம். மற்ற பிரிவுகளில் வாங்கிய மதிப்பெண் அப்படியே இருக்கும்.

தேர்வு அன்று காலையில் வீட்டில் யாரிடமாவது அந்த மொழியில் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போங்கள். வீட்டில் யாருக்கும் தெரியாதென்றால் பரவாயில்லை, அம்மாவிடமே பேசுங்கள். அவருக்குப் புரியாது, ஆனால் "என்னடா சொல்ற?" என்று நிச்சயம் குறுக்கே கேட்பார்.